செத்தவர் பெயரில் பிடித்த வரி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூலிகை மருந்துக் கம்பெனி. அங்கே கணக்குப் பார்ப்பவள் டோரிஸ். ஏஜெண்டுகளின் கமிஷனில் இரண்டு சதவீதம் வரி பிடித்து, யார் பெயரில் எவ்வளவு பிடித்தது என்று வரி இலாகாவுக்கு எழுதி அனுப்புவது அவள் பொறுப்பு. வேலையில் எறும்பு மாதிரி. ஒரு பெயர் பிசகினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவளுக்கு இந்த மாதப் பட்டியலைப் பார்த்ததும் முதுகு சில்லிட்டது. பந்திங் ஊர் ஏஜெண்ட் வாசுவின் பெயர் அதில் இருந்தது. போன மாதம் மாரடைப்பில் போனவர் அவர். டோரிஸே போய் முகம் பார்த்துவிட்டு வந்தாள். ஆனால் கருமாதிக்கு அடுத்த நாளும் அவர் விற்றிருக்கிறார்!

வாசுவின் நம்பரைத் தட்டினாள்.

"வாசு மருந்து. சொல்லுங்க பாஸ்."

அவர் எப்போதும் சொல்கிற அதே வார்த்தை. குரல் மட்டும் அவர் மனைவி சீதாலெட்சுமியுடையது.

"அக்கா, நான் டோரிஸ். அண்ணன் பேர்ல ஆர்டர் வந்திருக்கே?"

"நான்தான் போடுறேன்மா. எஸ்டேட் ஆளுங்க அவரைத்தான் கேக்குறாங்க. வெளிய போயிருக்காருன்னு சொல்லிடுறேன். செத்துட்டாருன்னு சொல்ல வாய் வரல."

"செத்தவரு பேர்ல நான் எப்படிக்கா வரி பிடிச்சு அனுப்புவேன்? பொய்யாயிடும். நாளைக்கு உங்களத்தான் கேப்பாங்க."

சீதாலெட்சுமி திடீரெனச் சிரித்தாள். "உயிரோட இருந்தப்ப வரின்னாலே ஓடுவாரு. இப்பத்தான் ஒழுங்கா கட்டுறாரு, விடும்மா." சிரிப்பு அப்படியே அழுகையானது. "வரி கட்டுறாருன்னா இருக்காருன்னுதானே அர்த்தம்? இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்லா."

"முடியாதுக்கா. ஏஜென்சிய உங்க பேருக்கு மாத்திடுறேன். அவர் போனப்புறம் வித்ததெல்லாம் நீங்க வித்ததுதானே. பணம் உங்களுக்கே வரும்."

"பணத்துக்கா அழுவுறேன்?"

சீதாலெட்சுமி மூக்கை உறிஞ்சுவது போனில் கேட்டது.

"சரி, அவரு பேர எடுத்துரு. எனக்கு அவரு இன்னைக்குத்தாம்மா செத்தாரு."

போன் அணைந்தது. டோரிஸ் வாசுவின் பெயரை அழித்துச் சீதாலெட்சுமியின் பெயரை எழுதினாள். பட்டியல் வரி இலாகாவுக்குப் போயிற்று. கிள்ளானிலிருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வருவதுபோலவே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில், பிறந்து நாற்பது நாளான பேத்தியைக் கையில் ஏந்தியபடி மகள் வாசல் கேட்டைத் திறந்தாள். மற்ற நாளென்றால் டோரிஸ் பையை எறிந்துவிட்டு ஓடுவாள்.

"கிட்ட வராத. புள்ளைய உள்ள கொண்டு போ."

இழவு வீட்டிலிருந்து வந்தவள்போல வெளிக்குழாயைத் திறந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.