மீனுக்கு அம்மை போட்ட மார்கழி

மீனின் வாலில் ஒட்டியிருந்ததை முதலில் ரவை என்றுதான் நினைத்தேன். பெரியப்பா உப்புமா தின்ற கையோடு தீனி போட்டிருப்பார் என்று சிரித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த வெள்ளைப் பொட்டுகள் செதில், செவுள் என்று உடம்பெல்லாம் பரவியிருந்தன. தொட்டியிலிருந்த மூன்று தங்க மீன்களும் கூழாங்கற்களில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துப் புரண்டன. என் சிரிப்பு போய்விட்டது.

எண்பதுகளின் நடுவில், மொரப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்த பெரியப்பாவின் வீட்டில் தங்கிக்கொண்டேன். எனக்குக் கொடுத்தது அக்காவின் அறை. அவர்களுக்கு ஒரே மகள் அவள். கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்று சொல்லி, அந்த ஆனி மாதம்தான் மடத்தில் சேர்ந்திருந்தாள். பெரியம்மா அழுது தீர்த்துவிட்டுத் தேறிக்கொண்டார். பெரியப்பா அழவுமில்லை, தேறவுமில்லை. மகள் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் அந்த அறையில் அவள் விட்டுப்போன மீன் தொட்டியை மட்டும் வேறு யாரையும் தொட விடமாட்டார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அக்கா முதல்முறையாக விடுப்பில் வருவதாகச் சேதி வந்திருந்தது. அதற்குள் மீன்கள் செத்துப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவருடைய கவலை. வாய்விட்டுச் சொல்லும் ஆளில்லை. வேலைக்கு நடுவே நடுவே வீட்டுக்கு வந்து, தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்.

நோயைக் கண்டுபிடித்தது முதலில் பெரியம்மாதான். “ஏங்க, இது அம்மைங்க. சந்தேகமே வேணாம்.” அவ்வளவுதான், தொட்டியில் வேப்பிலைக் கொத்து மிதந்தது. சமையலில் தாளிப்பு நின்றது. கால் கழுவாமல் நான் என் அறைக்குள்ளேயே போகக்கூடாது என்றாகிவிட்டது. சுவரில் இருதய ஆண்டவர் படம், அதற்குக் கீழே வேப்பிலை. “சாமியார் பாத்தா என்ன பெரியம்மா சொல்லுவீங்க?” என்று சீண்டினேன். “அவரு வூட்டு மீனுக்கு வந்தா அவரும் வேப்பிலதான் போடுவாரு, போ” என்றார். தண்ணீர் பச்சையாகிக் கசந்ததுதான் மிச்சம். ஒரு மீன் மல்லாந்துவிட்டது.

அன்றைக்குப் பெரியப்பா விடுப்பு எடுத்தார். காய்ச்சலுக்குக்கூட எடுக்காதவர். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். நனைந்த மூட்டை வந்து இறங்கினால் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார்: “சரக்க திட்டி என்ன பண்றது? வர்ற வழியில எங்க மழ பேஞ்சுதுன்னு பாக்கணும்.” எது மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். அதே கிணற்றுத் தண்ணீர், அதே தீனி, அதே கல். காலையில் அடியில் சுருண்டு கிடந்த மீன்கள், மதியம் ஜன்னல் வெயில் பட்டதும் கொஞ்சம் நீந்தின. தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். “ஐஸா இருக்குது” என்றார். “போன மார்கழிக்கும் இதே குளிருதானுங்க?” என்றார் பெரியம்மா.

பெரியப்பாவின் பார்வை மேசை விளக்கின் மேல் போனது. மேசை சிறியது, விளக்கின் தலை கண்ணாடித் தொட்டியை ஒட்டினாற்போலக் கவிழ்ந்திருந்தது. அக்கா தினமும் வெகுநேரம் அதன் வெளிச்சத்தில் படிப்பாள். அந்தக் குண்டு பல்பைத் தொட்டால் கை சுட்டுவிடும். நானோ கூடத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தும் வேலையை முடித்துவிட்டு, தூங்க மட்டும் அறைக்கு வருகிறவள்.

“நீ இந்த லைட்ட போடறதே இல்லியாம்மா?”

“இல்லீங்க பெரியப்பா.”

விளக்கைப் போட்டு, பல்புக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, “அவ லைட்டு சூட்டுலதான் இதுங்க இத்தன நாளு பொழச்சிருக்குது” என்றார். மகளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வேப்பிலைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டார். “புண்ணுக்கு உப்புத்தண்ணி ஆகாதா என்ன?” என்று பெரியம்மா கல்லுப்பைப் போட்டார். அதுவும் நல்லதாகவே போயிற்று. விளக்கு ராப்பகலாக எரிந்தது; நான் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு தூங்கப் பழகினேன். மெல்ல மெல்லப் பொட்டுகள் உதிர்ந்தன. இரண்டு மீன்கள் பிழைத்தன.

அக்கா வெள்ளைச் சேலையில் வந்தாள். தொட்டியைப் பார்த்து, “இன்னொண்ணு எங்கப்பா?” என்றாள். பெரியம்மா அம்மைக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். பெரியப்பா வாசற்படியிலேயே நின்றார். எங்கே வெளியே போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். போகவில்லை. உள்ளே வந்து மகளைப் பார்த்துக் கேட்டார்:

“அங்க ராத்திரில குளிருதா கண்ணு? போத்திக்க ஏதாச்சும் குடுக்கறாங்களா?”

“குடுக்கறாங்கப்பா” என்றவள் அழுதுவிட்டாள்.

“உன்னாட்டம் எத்தன புள்ளைங்க இருக்கீங்க அங்க?” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவள் திரும்பிப் போகும் நாளில், கோணிச் சாக்கில் வைத்துத் தைத்த பெரிய கட்டு ஒன்று ரயிலில் ஏறியது. மடத்தில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கம்பளி. அவளுக்கு மட்டும் கொடுத்தால் போர்த்திக்கொள்ளமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

பெரியப்பா இப்போது இல்லை. அக்காவுக்கும் முடி நரைத்துவிட்டது. அந்தக் கம்பளி இன்னும் இருக்கிறதா என்று போனில் கேட்டேன். அதை அந்த மார்கழியிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டாளாம்.