சாமி வந்த லென்ஸ்

அம்மையார்குப்பத்துப் பரசுராமன் கல்யாண போட்டோகிராபர். ஊரார் வீட்டு முகூர்த்தத்துக்குத் தானாகவே ஃபோகஸ் பிடிக்கிற நல்ல லென்ஸைக் கொண்டுபோவார். சொந்த மனைவி விஜியைப் படமெடுக்க மட்டும் ஒரு பழைய லென்ஸ் வைத்திருந்தார். சென்னையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. அவரைவிட வயதில் மூத்தது. இந்தக் காலத்துக் கேமராவில் அது நேராகப் பொருந்தாது. நடுவில் ஓர் அலுமினிய வளையம் போட்டு மாட்ட வேண்டும். மாட்டிய பிறகும் கேமரா அதை மதிக்காமல் ‘லென்ஸ் இல்லை’ என்று திரையில் காட்டும். கேமராவுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையே என்பாள் விஜி. கையால் திருகி எடுத்தால் முகத்துக்குத் தனி அழகு வரும் என்று பரசுராமன் சாதிப்பார். முகம் வந்தால்தானே என்று அவள் கேட்பாள்.

கேள்வி நியாயமானதுதான். விபத்தில் சிக்கிய தம்பி பிழைத்தால் மூன்று ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுப்பதாக விஜி வேண்டியிருந்தாள். தம்பி பிழைத்தான். முதல் வருடப் படத்தில் மயிலிறகு மட்டும் தெளிவாக விழுந்தது. இரண்டாம் வருடம், பின்னால் வந்த யாரோ ஒரு மொட்டைத்தலைப் பெரியவர் பளிச்சென்று இருந்தார். விஜி புகையாகத் தெரிந்தாள். இந்த வருடம் கடைசிக் காவடி. வீட்டில் மாட்ட ஒரே ஒரு படம் போதும் என்று கேட்டிருந்தாள்.

மலைப்படியின் திருப்பத்தில் பரசுராமன் இடம் பிடித்தார். லென்ஸைத் திருகிக்கொண்டு நின்றால் ஆள் தாண்டிப் போய்விடுகிறது. அதனால் இந்த முறை திருகியதை அப்படியே வைத்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் அசைத்து ஃபோகஸ் பிடிப்பதாகத் திட்டம். கீழே விஜியின் காவடி தெரிந்ததும் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆடத் தொடங்கினார். வாய் வழக்கம்போல் முணுமுணுத்தது.

“வருது... வருது... வந்துடும்...”

சுற்றிலும் பம்பைச் சத்தம், அரோகரா கோஷம். அங்கே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஆடினால் ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? கையில் கேமரா இருந்தால் சாமி வராதா என்ன? பக்கத்தில் நின்ற மணவூர் அம்மாள் ஒருத்தி ஒரு பிடி விபூதியை அவர் நெற்றியில் அப்பி, கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் போனவன், அதன்பிறகு பேச்சே இல்லையாம்.

“எப்ப வருவான் சாமி?”

வருவது ஃபோகஸ்தான் என்று சொல்ல வாயெடுத்தார். விஜி ஏறி நாலு படி தூரத்துக்கு வந்துவிட்டாள். கையை உதறினால் படம் உண்டு. ஆனால் அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்த பிறகு உதற மனம் வரவில்லை. கேமராவைத் தாழ்த்தினார்.

“வந்துடுவாம்மா. மொதல்ல நீ ஒரு போன் போடு.”

அவள் அங்கேயே இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். அவர் திரும்பியபோது விஜியின் முதுகும் மயிலிறகும்தான் மேலே போய்க்கொண்டிருந்தன.

மலை உச்சியில் காவடியை இறக்கிவிட்டு வந்த விஜி, விபூதி கொட்டும் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். வழியிலேயே எல்லாவற்றையும் அவள் பார்த்திருந்தாள். படம் வரல விஜி என்றார் அவர். அவள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

“என் வேண்டுதல் முடிஞ்சிபோச்சிங்க. அடுத்த வருசம் உங்க லென்ஸுக்கு வேண்டிக்கினு காவடி எடுக்கிறேன்.”