சாமியறையிலிருந்து இறங்கிய பெட்டி

குலம் அண்ணை காலமான செய்தி, துறைமுகத்துக்கு அருகில் நாங்கள் வேலை செய்யும் பண்டகசாலைக்குத் தேநீர் இடைவேளையில் வந்தது. மாரடைப்பு. அழுதுகொண்டே கைபேசியைத் திறந்தேன். அதற்குள் எங்களுக்கு வாடகைக்கு வீடு தந்திருக்கும் வீட்டுக்காரர் கண்ணீர் அஞ்சலிப் படம் அனுப்பியிருந்தார். அதில் அண்ணையின் முகத்தை விட அவருடைய முகம் பெரிதாக இருந்தது. என் அழுகை நின்றுவிட்டது. இதை எழுதும்போதும் கோபம்தான் முன்னே வருகிறது.

அண்ணை பண்டகசாலையின் ஹீற்றர்களைப் பராமரித்தவர். சாந்தமானவர் என்று மரண வீட்டில் பலர் சொன்னார்கள். பொய். எடுத்ததற்கெல்லாம் சண்டை பிடிப்பார். மாரிக் குளிரில் வாசற்கதவைத் திறந்து போட்ட மேற்பார்வையாளரிடம், "இது சனம் வேலை செய்யிற இடம், மீன் வைக்கிற இடமில்லை" என்று தமிழிலேயே கத்தினார். கதவு மூடப்பட்டது.

என் மகள் பிறந்த மாரியில் வில்லரே என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கீழ்வீடு விறைத்துக் கிடந்தது. குழந்தை தொப்பியோடு தூங்கினாள். மேல்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரரிடம் முறையிட்டால், "மேல வேர்க்குது. உங்களுக்குப் பச்சை உடம்பு, அதுதான் குளிருது" என்பார். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் அல்லவா, எல்லாம் தெரியும்.

தன் மனைவி பிள்ளை பெற்ற எனக்காக இடித்துக் கொடுத்த சரக்குத்தூளோடு குழந்தை பார்க்க வந்த அண்ணை, எங்கள் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். உடனே மேலே ஏறினார். நானும் பின்னால் போனேன். முழு வீட்டுக்கும் எப்போது சூடு வர வேண்டும் என்று தீர்மானிக்கும் புரோகிராமர் பெட்டி மேல்வீட்டுச் சாமியறைச் சுவரில் இருந்தது. அதற்கு நேர்கீழே ஐந்துமுக விளக்கு, காலையும் மாலையும் எரிந்துகொண்டிருக்கும்.

"விளக்குச் சூட்டை வீட்டுச் சூடெண்டு நம்பி இது கொதிகலனை நிப்பாட்டுது" என்றார் அண்ணை. விளக்கைத் தள்ளி வைக்கச் சொன்னார். சாமி கிழக்கே பார்த்திருப்பதால் எதையும் அசைக்க முடியாது என்று மறுத்தார் வீட்டுக்காரர்.

"அப்ப சாமி இருக்கட்டும். பெட்டி இறங்கட்டும்."

நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் அரைமனதோடு சம்மதித்தார். அண்ணை மின்சாரத்தை நிறுத்தினார், ஒவ்வொரு வயருக்கும் அடையாளம் ஒட்டினார், புதிய வயரைக் கீழே இழுத்துவந்து எங்கள் கூடத்துச் சுவரில் பெட்டியைப் பொருத்தினார். அன்று மாலையே குழந்தையின் தொப்பியைக் கழற்றினேன்.

அடுத்த கிழமை கோயிலில் வேறு கதை உலாவியது. அண்ணை சாமியறையில் கைவைத்தவராம். அவர் அங்கே பார்த்துவந்த மின்வேலையையும் பிடுங்கிவிட்டார்கள். தான் சம்மதித்ததை வீட்டுக்காரர் சொல்லவே இல்லை, கதையைத் தொடக்கியவரே அவர்தானே! நான் கொதித்துப்போய் அண்ணையிடம் சொன்னேன். எல்லாரோடும் சண்டை பிடிக்கும் மனிதர் இதற்கு மட்டும் சண்டை பிடிக்கவில்லை.

"கதைக்கட்டும், தங்கச்சி. பிள்ளை நித்திரை கொள்ளுதோ?" என்று மட்டும் கேட்டார்.

மரணச் சடங்கில் வீட்டுக்காரர்தான் முதலில் பேசினார். எங்கள் சமூகத்தின் விளக்கு அணைந்துவிட்டதாம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசி முடித்துக் கோப்பிக் கோப்பையோடு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பிறகு ஒரு ஆளைக் கூட்டிவந்து அந்தப் பெட்டியை மேல மாத்துவம். வீட்டுக்காரன்ர கையில இருக்கவேண்டிய சாமான்."

அண்ணையின் உடல் இன்னும் அந்த மண்டபத்தில் இருந்தது. அவர் இருந்திருந்தால் கத்தியிருப்பார். நான் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்.

"அண்ணையைக் கும்பிட்டிட்டுப் போங்கோ. பெட்டி இறங்கின இடத்திலதான் இருக்கும்."

அவர் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பவும் வருவார், எனக்குத் தெரியும். வரட்டும்.

இன்று வெளியே பனி கொட்டுகிறது. கூடத்துச் சுவரில் பெட்டி 'டிக்' என்கிறது, நிலவறையில் கொதிகலன் உறுமத் தொடங்குகிறது. மகள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுப் படுத்திருக்கிறாள்.

போய் வாருங்கள், அண்ணை. பிள்ளை நித்திரை கொள்ளுகிறாள்.