பூனைக்கண் என்றுதான் நினைத்தோம்

மூன்று வருடங்களுக்கு முன்னர், நோன்புப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்த சமயம் நடந்தது இது. மட்டக்களப்பு நாவற்குடாவில், வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணப் படம், கடவுச்சீட்டுப் படம் எல்லாம் எடுப்பேன். ஆனால் என் புகழ் வேறு. நாய், பூனைப் படங்களில் பேய் மாதிரி மினுங்கும் கண்ணைச் சரிசெய்கிற அக்கா என்றால் காத்தான்குடி வரைக்கும் தெரியும். "பூனைக்கு மேக்கப் போடுற பொம்புள" என்று வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார். பண்ணட்டும், எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

மனிதர் கண் ஃபிளாஷில் சிவப்பாக விழும். கணினியில் அதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. கண்ணின் மேல் வைத்து அழுத்தினால், சிவப்பைத் தேடிப்பிடித்துக் கறுப்பாக்கிவிடும். பூனைக்கும் நாய்க்கும் அது சரிவராது. அவற்றின் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும், கையால்தான் செய்ய வேண்டும். கண்மணியை வட்டமாகத் தெரிவுசெய்து, நிறத்தை எடுத்து, இருட்டாக்கி, கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளியை மறந்தால் பூனை செத்த பூனை போலத்தான் இருக்கும்.

அன்று காத்தான்குடியிலிருந்து ஓர் இளம் தாய் வந்தாள். இடுப்பில் இரண்டு வயது மகள். கத்தாரில் வேலை செய்யும் கணவர் பெருநாளுக்கு வருகிறாராம். மகளும் வீட்டுப் பூனையும் கட்டிப்பிடித்திருக்கும் படத்தைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, அவர் வரும்போது சுவரில் மாட்டியிருக்க வேண்டுமாம். ஃபோனிலிருந்த படத்தைக் கணினிக்கு ஏற்றினேன். பூனையின் கண்கள் இரண்டும் பச்சை டோர்ச் மாதிரி எரிந்தன. அது பழகிய வேலை, கொஞ்ச நேரத்தில் பூனை சாதுவாகிவிட்டது.

அடுத்தது பிள்ளையின் கண். வலது கண் சிவந்திருந்தது. அழுத்தினேன், கறுத்தது. இடது கண்ணில் அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. கணினிதான் மக்கர் பண்ணுகிறது என்று அதை ஏசிக்கொண்டே திரும்பவும் அழுத்தினேன். பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே சிவப்பே இல்லை. பால் போல வெள்ளையாக இருந்தது.

"இது என்னகா, ஒரு கண் வெள்ளையா விழுந்திருக்கு?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அது பூனைக்கண் அக்கா. எங்கட மாமிக்கும் பூனைக்கண்தான் இரிக்கி. வடிவுதானே? மகள்ர வாப்பாக்கும் அது நல்ல விருப்பம்."

வெளிர்நிறக் கண்ணை எங்கள் பக்கம் பூனைக்கண் என்போம். பிள்ளைக்கு அது இருந்தால் பெற்றவர்களுக்குப் பெருமை. ஆனால் பூனைக்கண்காரருக்கும் நிறம் கண்மணியைச் சுற்றித்தான் இருக்கும், நடுவிலிருக்கும் கண்மணி எல்லோரையும் போலக் கறுப்புத்தான். எத்தனையோ கண்களைப் பெரிதாக்கிப் பார்த்த எனக்கு அது தெரியும். இங்கே வெளுத்திருந்தது அந்தக் கண்மணி. அதுவும் ஒரு கண்ணில் மட்டும்.

ஃபோனிலிருந்த மற்றப் படங்களையும் காட்டச் சொன்னேன். புது உடுப்போடு ஒன்று, கேக்குக்கு முன்னால் ஒன்று, பூனையைத் துரத்திக்கொண்டு ஒன்று. ஃபிளாஷ் போட்டு எடுத்ததிலெல்லாம் அதே இடது கண் வெள்ளையாக இருந்தது. பழைய படங்களுக்குத் தள்ளிக்கொண்டே போனோம். பிள்ளை தவழ்ந்த காலத்துப் படங்களில் இரண்டு கண்ணும் சிவப்பு.

பழையது ஒன்றையும் புதியது ஒன்றையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "பூனைக்கண் எண்டா ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கணும் புள்ள. இது இப்ப வந்திருக்கு."

அவளுடைய சிரிப்பு நின்றது. பிள்ளையை மடியில் இருத்தி, இடது கண்ணைக் கையால் பொத்தினாள். பிள்ளை திரையிலிருந்த பூனையைப் பார்த்து "மியாவ்" என்றது. பிறகு வலது கண்ணைப் பொத்தினாள். பிள்ளை வீரிட்டுக் கத்திக் கையைத் தட்டிவிட்டது. மறுபடி பொத்தினாள், மறுபடியும் தட்டிவிட்டது.

"யா அல்லாஹ், இந்தக் கண் தெரியல்ல அக்கா" என்றாள்.

கடையைப் பூட்டிவிட்டு, ஓட்டோ பிடித்து அவளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சின்னக் கருவியால் பிள்ளையின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தும் பார்த்தார். உள்ளே கட்டி போலத் தெரிகிறது, தாமதிக்காமல் கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்றார். எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு கண் ஏன் சிவந்தது, மற்றது ஏன் வெளுத்தது என்று மட்டும் கேட்டேன்.

"வெளிச்சம் கண்மணியால உள்ள போய், பின்பக்கத்துல ரத்தம் ஓடுற இடத்துல பட்டுத் திரும்பி வருது. அதுதான் அந்தச் சிவப்பு. சிவப்பு வந்தா வழி திறந்து கிடக்கு எண்டு அர்த்தம். இஞ்ச நடுவுல ஏதோ மறிக்குது" என்றார்.

எத்தனை வருடமாக அந்தச் சிவப்பைப் பிழை என்று சொல்லித் துடைத்துக்கொண்டிருக்கிறேன்! ஒரு பிள்ளையின் கண்ணுக்குள் போய்வருகிற வெளிச்சமா அது?

பெருநாளுக்கு வந்த தகப்பன் விமான நிலையத்திலிருந்து நேரே கொழும்பு ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். புற்றுநோய்க் கட்டியாம், இடது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் பிந்தியிருந்தால் மூளைக்குப் பரவியிருக்கும், பிள்ளையே கிடைத்திராது என்று டாக்டர்மார் சொன்னார்களாம். தாய் ஃபோனில் அதைச் சொல்லி அழுதபோது நானும் கூடவே அழுதேன்.

அண்மையில் மூவரும் வந்தார்கள். நேர்சரிக்குப் போகிற பிள்ளை இப்போது ஓயாமல் பேசுகிறது. செயற்கைக் கண் என்று சொன்னால்தான் தெரியும். வெளிச்சம் நல்லாயிருக்கிறதே என்று நான் ஃபிளாஷ் போடாமல் எடுக்கப் போக, தாய் மறித்து, ஃபிளாஷ் போட்டே எடுக்கச் சொன்னாள். எடுத்ததும் மூவரும் கணினித் திரையருகே வந்து நின்றார்கள். நான் வலது கண்ணைப் பெரிதாக்கினேன்.

"சிவப்பு இரிக்கா அக்கா?"

"இருக்கு புள்ள. நல்லாச் சிவந்திருக்கு."

"அப்ப அப்படியே பிரிண்ட் எடுங்க" என்றாள். தகப்பன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதும் பிள்ளைகளின் படம் வந்தால் அந்தப் பட்டனை அழுத்தத்தான் செய்கிறேன், அதுதானே என் தொழில்; ஆனால் அழுத்துவதற்கு முன் இரண்டு கண்ணும் சிவந்திருப்பதைப் பார்க்கிறபோதெல்லாம், உள்ளே போன வெளிச்சம் சுகமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று என் மனம் கையெடுத்துக் கும்பிடுகிறது.