கேட்ட வாடகையும் சொன்ன வாடகையும்

எங்கள் ஊரில் யார் எதை வாங்கி வந்தாலும் முதல் கேள்வி, "எவ்வளவுக்கு எடுத்த?" என்பதுதான். சேலையின் நிறம், கரை எல்லாம் அப்புறம். குறைந்த விலை சொல்கிறவள் சாமர்த்தியக்காரி, கூடக் கொடுத்தவள் ஏமாளி. எண்ணூறு கொடுத்துவிட்டு அறுநூறு என்று கூசாமல் சொல்கிற சித்திகள் எங்கள் வீட்டிலேயே உண்டு. அந்தப் பழக்கம் எனக்கும் இருக்கிறது என்பது, அது என் சம்பளத்தில் கைவைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நான் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். அவர்களுடைய மென்பொருளில் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் பகுதி முழுக்க என் பொறுப்பு. கணவருக்குச் சென்னையிலிருந்து சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்துக்கு மாற்றல் வந்ததும், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே வந்துவிட்டேன். சொந்த ஊருக்குத் திரும்பிய சந்தோஷம் வேறு.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மீட்டிங். முதல் பத்து நிமிடம் ஊர்க்கதை பேசுவார்கள். ஒருநாள் என் தலையில் இருந்த மல்லிகையைப் பார்த்து, அது என்ன என்று மேலாளர் கேட்டார். அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். இது எங்கள் ஊர்ப் பூ, இரண்டு முழம் நாற்பது ரூபாய், உங்கள் காசில் அரை யூரோகூட இல்லை என்றேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அந்த வியப்பு எனக்குப் பிடித்திருந்தது. வீட்டு வாடகை எவ்வளவு என்று அவர் கேட்டார். ஒன்பதாயிரம் கொடுக்கிறேன். ஏழாயிரம் என்று சொன்னேன். ஏன் குறைத்தேன்? யாரும் என்னைக் குறைக்கச் சொல்லவில்லை. வாய் தானாகக் குறைத்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வசிக்கும் இடத்தின் செலவுக்கேற்ப ஊதியத்தைச் சீரமைக்கிறார்களாம். சம்பளத்தில் கால்பங்கு போய்விட்டது. மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"உங்கள் ஊரில் செலவு குறைவு என்று நீங்களே சொன்னீர்களே. ஏழாயிரம் வாடகை ஒரு நல்ல உதாரணம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எழுதிய நிரல் அவர்கள் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும்போது, 'இது சங்கரன்கோவிலில் எழுதியது, கால்பங்கு குறைத்துக் கொடுங்கள்' என்றா சொல்கிறது? அவர்கள் தலைமையகத்தில் இருக்கிற ஒருவர் இரண்டு நாளாகத் திணறிய பிழையை ஒரே மதியத்தில் சரிசெய்து கொடுத்தவள் நான். அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று அவரை யாராவது கேட்டார்களா? மின்வெட்டுக்காக நான் வாங்கிய இன்வெர்ட்டரும், ஒன்று போனால் இருக்கட்டும் என்று போட்ட இரண்டாவது இணைய இணைப்பும் அவர்கள் கணக்கில் எங்கே?

சாயங்காலம் வந்த கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"எனக்கும் இங்கன வந்ததுல வீட்டு வாடகைப்படி குறைஞ்சிருக்குல்லா. ஒனக்கும் அதானே?"

"வாடகைப்படிதானே குறைஞ்சிச்சு? அடிப்படைச் சம்பளத்துல கை வச்சாவளா?"

"அதுல எப்படி வைப்பான்? அங்கன பார்த்த அதே வேலையத்தானே இங்கனயும் பாக்கேன்."

"பின்ன நான் மட்டும் வேற வேலையா பாக்கேன்?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வாடகைய எதுக்குட்டி குறைச்சுச் சொன்ன?" என்றார். அன்றைக்கு நான் அவருக்குக் காபி போடவில்லை.

கடைசியில் அந்தக் கடிதத்தில் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். சென்னையில் வாங்கிய ஃபிளாட்டுக்கு வங்கிக்கடன் இருக்கிறது. நான் ஊர் மாறிவிட்டேன் என்று வங்கி தவணையைக் குறைக்கவில்லை. போடும்போது அவர்கள்மேல் இருந்த கோபத்தைவிட என்மேல் இருந்த கோபம்தான் அதிகம். பெருமைக்காகச் சொன்ன ஒரு பொய்யை எடுத்து என் வேலைக்கே விலையாக ஒட்டிவிட்டார்களே என்று பொருமிக்கொண்டே போட்டேன்.

போன மாதம் கென்யாவிலிருந்து ஒரு பெண் எங்கள் குழுவில் சேர்ந்தாள். சிரித்த முகம். முதல் மீட்டிங்கிலேயே மேலாளர், "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்களேன், செலவெல்லாம் எப்படி?" என்றார். அதே இனிமையான குரல். அவள் உற்சாகமாக, "எங்கள் ஊரில் ஒரு சீப்பு வாழைப்பழம்..." என்று ஆரம்பித்தாள்.

நான் மைக்கைத் திறந்தேன். "வாழைப்பழ விலை எதற்கு? இவர் என்ன வேலை பார்க்கப் போகிறார் என்று பேசலாமே" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். 'தப்பாக நினைக்காதே. இங்கே யார் கேட்டாலும் விலை சொல்லாதே. முக்கியமாக வாடகையைச் சொல்லாதே.'

உடனே பதில் வந்தது. 'வாடகையை இன்டர்வியூவிலேயே கேட்டுவிட்டார்களே.'

திரையில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.