டயகம பஸ்ஸில் போன கல்யாண மாலை

பூக்கடைக்காரிக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. பூவைப் பார்த்தாலே மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு மனசு பாரமாகும். காலையில் கடைப் பலகையைத் திறக்கும்போதே இன்றைக்கு எதை மறக்கப்போகிறேனோ என்றுதான் முதல் நினைப்பு வரும்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மேட்டில் இருக்கிறது கடை. ஒரு நீளப் பலகை, சில வாளிகள், ஒரு முக்காலி, அவ்வளவுதான். என்னோடு பூக் கட்டிக்கொண்டிருந்தவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு, பூ வாங்குவதும் நான், கட்டுவதும் நான், போன் எடுப்பதும் நான். முதலாளியும் நானே, கூலியாளும் நானே. முதலாளி ஏசினால் கூலியாள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டில் உள்ள கஷ்டம்.

யார் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவேன். முடியாது என்று சொன்னால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். சரி என்று சொன்ன பிறகு முடியாமல் போய்விடுமோ என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் என் கை மட்டும் பூத் தொடுத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு மாலை போவது பஸ்ஸில்தான். கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்து, இன்ன சந்தியில் ஆள் நிற்கும் என்றால் போதும், இறக்கிக் கொடுத்துவிடுவார்கள். பார்சலில் பேர் எழுதும் வழக்கம் என்னிடம் கிடையாது. பேப்பரின் நிறமே பேர். கல்யாண மாலை என்றால் ரோஸ் நிறப் பரிசுப் பேப்பர், சாவு மாலை என்றால் பழைய பத்திரிகை. கண்டக்டர்களுக்கும் இது தெரியும். ரோஸ் பார்சலை டிரைவர் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே வைப்பார்கள். பத்திரிகை சுற்றியது சீட்டுக்கு அடியில் போகும்.

அந்த நாள் காலையிலிருந்தே மழைத் தூறல். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்தில் மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சோடி மாலை கேட்டிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் பரிசளிப்புக்குப் பூச்செண்டுகள் போகவேண்டும். டவுனில் இருக்கும் கோயிலுக்கு மறுநாள் விசேஷ பூசை என்று பெரிய ரோஜா மாலைகள். கோயில் தலைவர் வாய்க்காரர், தாமதமானால் தெருவில் நின்று சத்தம் போடுவார். ஆகவே அதை முதலில் எடுத்தேன். அப்போது போன் அடித்தது. டயகமவிலிருந்து ஒருவர். தங்கச்சி தவறிவிட்டாள், மாலை வேண்டும் என்றார். அதற்குப் பிறகும் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கோயில் மாலைக்கு நூலை இழுத்தபடி, "சரிங்கண்ணே, சரிங்கண்ணே, அனுப்பிர்றேன்" என்றேன்.

பார்சல் கட்டும்போதுதான் ரோஸ் பேப்பர் தீர்ந்துபோனது தெரிந்தது. பக்கத்துக் கடை நானாவிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் சாமானும் பரிசுப் பேப்பரும் விற்கிறவர். அவர் முஸ்லிம், கடை போட்ட நாளிலிருந்து எனக்கு நானாதான். பத்தடி நடந்தால் பேப்பர். அந்தப் பத்தடிக்கு எனக்கு நேரமில்லை. கீழே டயகம பஸ்ஸும் நோட்டன் பஸ்ஸும் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டிருந்தன. இரண்டு பார்சலையும் பத்திரிகையிலேயே சுற்றி, இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

நோட்டன் பஸ் கண்டக்டரிடம், "கல்யாண வீட்டு மாலை தம்பி, பத்திரம்" என்று கத்தினேன். டயகம பஸ் புட்போர்டில் நின்ற சிங்களத் தம்பி மற்றதை வாங்கிக்கொண்டு, "ஹரி பரய் அக்கே" என்று சிரித்தான். பாரம்தான் என்று நானும் சிரித்தேன். பஸ் போய்விட்டது.

கடைக்கு வந்து, பூச்செண்டுகளை முடித்து பள்ளிக்கூடத்து ஆட்களிடம் கொடுத்து, நானா அனுப்பிய பிளேன்டீயை வாயில் வைத்தேன். கை முதல் முறையாகச் சும்மா இருந்தது. அப்போதுதான் அந்தச் சிரிப்பு திரும்பி வந்தது. ஹரி பரய் அக்கே. சாவு மாலை ஒற்றை மாலை. வெள்ளைச் செவ்வந்தி, பஞ்சு மாதிரி இருக்கும். பாரமானது கல்யாண மாலை, சோடி, ரோஜா.

கிளாஸைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியாது. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, அந்தக் குளிரில். கல்யாண வீட்டுக்கு நான் அனுப்பியிருப்பது கறுப்பு ரிப்பன் வைத்த மாலை. ரிப்பனில் தங்க எழுத்தில் கண்ணீர் அஞ்சலி என்று வேறு இருக்கிறது.

ஓடிப்போய் நானாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னா தங்கச்சி இது, கல்யாண வீட்டுக்கு மையத்து மாலையா? பிரிச்சுட்டாங்கன்னா இந்த மலையில எந்தப் பொண்ணுக்கும் ஒங்க கையால மாலை வாங்க மாட்டாங்களே."

"தெரியும் நானா. அதச் சொல்லிப் பயங்காட்டாதீங்க."

"நான் எங்க காட்டுறேன், நீங்கதான் வரும்போதே நடுங்கிக்கிட்டு வந்தீங்க."

நோட்டன் கண்டக்டருக்குப் போன் பண்ணினேன். சந்தியில் கொடுத்தாகிவிட்டது என்றான். டயகம ஆளுக்குப் பண்ணினேன். மழை வந்தால் அந்தப் பக்கம் சிக்னல் போய்விடும், இணைப்பே கிடைக்கவில்லை. பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு. பெண்ணின் அம்மா எடுத்தார்.

"மாலை வந்துருச்சும்மா. சாமி படத்துக்கு முன்னுக்கு வெச்சிருக்கோம். பொழுதுபட வெளக்கேத்திட்டு, பிரிச்சு தண்ணி தெளிக்கணும்."

உண்மையைச் சொன்னால் போனை வைத்த உடனேயே பிரித்துப் பார்ப்பார்கள். யாருக்குத்தான் பார்க்காமல் இருக்க முடியும்?

"பிரிக்காதீங்கக்கா. காத்துப் பட்டா ரோஜா உதிர்ந்துரும். நானே வந்து பிரிச்சு, சரி பண்ணித் தாறேன்."

"இவ்வளவு தூரம் நீங்களா வர்றீங்க?" என்று அந்த அம்மா சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஒரு பக்கம் டயகம, ஒரு பக்கம் நோட்டன். இரண்டு இடத்துக்கும் ஒருத்தியால் போக முடியாது. சாவு வீட்டில் நடக்கவேண்டிய கெட்டது நடந்து முடிந்துவிட்டது, கல்யாண வீட்டில்தான் இன்னும் நடக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கச்சியைப் பறிகொடுத்த வீட்டுக்குக் கல்யாண மாலையை அனுப்பிவிட்டு, அவர்கள் காத்திருக்கலாம் என்று கணக்குப் போடுகிறேனே என்று என் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் அதுதான் கணக்கு. காலையிலிருந்து தலைக்குள் கூச்சல் போட்ட எல்லா வேலைகளும் அந்த நிமிடம் வாயை மூடிக்கொண்டன. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மற்ற ஆர்டர்களை நானாவிடம் விட்டேன். "வந்து கேக்குறவங்களுக்கு என்னா சொல்ல?" என்றார். "செத்துட்டேன்னு சொல்லுங்க" என்றேன். "அப்புறம் மாலைக்கு நான் எங்க போறது" என்று கேட்டுக்கொண்டே என் வாளிகளை உள்ளே இழுத்து வைத்தார்.

கையில் இருந்த ரோஜா மாலை கோயிலுக்குக் கட்டியது மட்டும்தான். சாமிக்கு வைத்ததை எடுக்கிறோமே என்று பயந்தேன். சாமியைவிடக் கோயில் தலைவருக்கு அதிகமாகப் பயந்தேன். இருந்தும் இரண்டை எடுத்து, மல்லிகையும் சரிகையும் நூலும் பையில் திணித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

நோட்டன் பாதை வளைவுக்கு வளைவு ஒடித்துத் திரும்பும். மடியில் மாலையை விரித்து, குஞ்சம் மாற்றி, மல்லிகை சேர்த்துக் கட்டிக்கொண்டே போனேன். பனிமூட்டம் இறங்கி முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஊசி விரலில் ஏறியபோது வலிக்கக்கூட இல்லை. இந்நேரம் யாராவது சின்னப் பிள்ளை பேப்பரின் ஓரத்தைக் கிழித்திருக்குமோ, கறுப்பு ரிப்பன் வெளியே எட்டிப் பார்க்குமோ என்று அதே படம்தான் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தோட்டத் தொழிலாளர் லயத்தில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பாட்டுப் போட்டிருந்தார்கள். பாட்டுச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பிரித்திருந்தால் பாட்டு நின்றிருக்கும்.

உள்ளே சாமி படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், குங்குமம் வைத்து உட்கார்ந்திருந்தது என் சாவு மாலை. கும்பிடுகிற மாதிரி அதன் முன்னால் மண்டியிட்டேன். உண்மையாகவே கும்பிட்டேன். அறையில் கல்யாணப் பெண்ணும் இருந்தாள், கையில் மருதாணியோடு.

"ஏன்க்கா வெரல்ல ரத்தம்?"

"ஊசி பட்டுச்சும்மா. நீ அம்மாகிட்டச் சொல்லி ஒரு சொம்பு தண்ணி வாங்கிட்டு வா, தெளிக்கணும்."

அவள் திரும்பி வருவதற்குள் பார்சல் என் பைக்குள் போய்விட்டது. புது மாலைகள் தட்டில் இருந்தன. பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்த அம்மா சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று கையைப் பிடித்தார். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று பொய் சொல்லி வெளியே வந்தேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

பாதிப் பயம்தான் தீர்ந்தது. இரவெல்லாம் டயகமதான் கண்ணுக்குள். துக்கத்தில் இருப்பவர்கள் பத்திரிகையைப் பிரித்திருப்பார்கள். உள்ளே சரிகை வைத்த சோடி மாலை. கேலி செய்ததாக நினைத்திருப்பார்கள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் டயகமவுக்குப் புறப்பட்டேன். சாவு மாலை பையில் இருந்தது. தலவாக்கலையைத் தாண்டியதிலிருந்து ஏச்சு வாங்குவதற்கு என்னைத் தயார் செய்துகொண்டே போனேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்வதுதான் நியாயம் என்று தோன்றியது. சந்தியில் இறங்கியதும் வெள்ளைக்கொடிகள் வழி காட்டின. தப்பு மேளச் சத்தம் கேட்டது.

வாசலில் நின்றவர்தான் போனில் பேசியவர், குரலை வைத்துத் தெரிந்தது. நான் பூக்கடை என்று சொன்னதும் இரண்டு கையாலும் கும்பிட்டார். உள்ளே கூட்டிப்போனார்.

அவள் இருபது வயதைத் தாண்டியிருக்கமாட்டாள். கூறைச்சேலை கட்டி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்தில் என் ரோஜா மாலை. மற்றதைக் கால்மாட்டில் வைத்திருந்தார்கள், கட்டிக்கொள்ள ஆளில்லாத மாலை.

"காச்சல்ல போயிட்டா. கல்யாணம் பேசிக்கிட்டு இருந்தோம்" என்றார் அண்ணன். "கன்னியா போறவள கல்யாணப் பொண்ணாத்தான் அனுப்பணும்னு அம்மா அழுதாங்க. அதான் ஒங்ககிட்ட போன்ல சொன்னேன், சாவு மாலை வேணாம், கல்யாண மாலையாவே கட்டித் தாங்கன்னு. வேற கடையில யோசிச்சாங்க. நீங்க ஒரு வார்த்தை எதுத்துக் கேக்கல. சரிங்கண்ணே, சரிங்கண்ணேன்னீங்க. அத நாங்க மறக்க மாட்டோம்."

பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்தது. செத்த பிள்ளையின் அம்மா எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவினார். அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் போனில் சொன்னதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒரு சொல்கூட வரவில்லை. நூலை இழுத்தது நினைவிருக்கிறது, வாளியில் தண்ணீர் குறைந்திருந்தது நினைவிருக்கிறது. ஒரு மனிதன் செத்துப்போன தங்கச்சிக்குக் கல்யாண மாலை கேட்டு என் காதுக்குள் அழுதது மட்டும் நினைவில்லை. நான் பார்சலை மாற்றிக் கொடுக்காமல் இருந்திருந்தால், அவர் வேண்டாம் என்ற கறுப்பு ரிப்பனைத்தான் அந்தப் பிள்ளையின் கழுத்தில் போட்டிருப்பார்கள். தப்பித்துவிட்டோம் என்ற எண்ணமே வரவில்லை. முதல் நாளைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

கடைக்கு வந்தேன். பலகை மூடியபடியே இருந்தது. கோயில்காரர்கள் மாலை எங்கே என்று வந்து சண்டை போட்டிருப்பார்கள் என்று நானாவைக் கேட்டேன். யாரும் வரவில்லை என்றார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. முக்காலியில் உட்கார்ந்தேன். பூ, ஊசி, நூல் எதையும் தொடாமல், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோயில் தலைவரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, நீங்க அன்னைக்குச் சொன்னத இன்னொருக்காச் சொல்றீங்களா? முழுசாச் சொல்லுங்க. கேக்குறேன்."

"என்னாம்மா, மறதியா?" என்று சிரித்தார். "பூசைய வார வெள்ளிக்கிழமைக்கு மாத்தியாச்சு, அவசரம் இல்ல, மெதுவாக் கட்டுங்கன்னு சொன்னேனே. நீங்கதான் சரிங்கய்யா, சரிங்கய்யான்னீங்க."

அந்த மாலையை முதலில் கட்டியதால்தான் அன்றைக்கு எனக்குப் பத்தடி நடந்து ரோஸ் பேப்பர் வாங்க நேரமில்லாமல் போனது.

போனை வைத்தேன். அந்த வாரத்தில் நான் சரி என்று சொன்னவர்கள் இன்னும் எத்தனையோ பேர். அடுத்த எண்ணை எடுத்துவிட்டு, அழுத்துவதற்கு முன் கையைச் சேலையில் துடைத்தேன். உடனே மறுபடியும் வியர்த்துவிட்டது.