தேக்குப் பெட்டிக்குள் வெந்த கணினி

என் கணினி தானாகப் பழுதாகவில்லை. அதை வேகவைத்தார்கள். வேகவைத்த மனிதரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்று ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தேன். அப்படிக் காத்திருந்ததில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

நாங்கள் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். என் கணவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். ராஜபாளையத்தில் உள்ள ஒரு ஸ்டூடியோவிலிருந்து போட்டோக்கள் ஹார்ட் டிஸ்க்கில் பஸ் ஏறி வரும். நான் அவற்றைப் பக்கம் பக்கமாக அடுக்கி, முகங்களில் எண்ணெய் வழிவதைத் துடைத்து, மாலை மாற்றும்போது பின்னால் கொட்டாவி விடுகிறவரை அழித்து, திருப்பி அனுப்புவேன். வீடியோவும் வெட்டி ஒட்டுவேன். தெருவில் எங்கள் வீட்டுக்கு ‘ஆல்பம்காரம்மா வீடு’ என்று பெயர். என் கணவரைத் தேடி வருகிறவர்கள்கூட ‘ஆல்பம்காரம்மா வீட்டுக்காரர் இருக்காரா’ என்றுதான் கேட்பார்கள்.

இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று என் நாத்தனாரின் கணவர் ஒரு தேக்குப் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். முறைக்கு எனக்கு அண்ணன். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து ராஜபாளையத்தில் மரக்கடை வைத்திருக்கிறார். பெட்டியின் மேல்தட்டில் மானிட்டர் வைக்கலாம். கீழே சிபியு வைக்க ஓர் அறை, அதற்கு இரட்டைக் கதவு. முதுகுப்பக்கம் முழுப் பலகை. வயர் நுழைய மட்டும் ஒரு சின்ன ஓட்டை. கதவில் ‘அன்பளிப்பு’ என்று செதுக்கி, அதன் கீழே அவர் பெயரும், பெயருக்குக் கீழே ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்றும் இருந்தது.

“தங்கச்சி, மிஷினுக்கு எமன் தூசிதான். இதுக்குள்ள வச்சுக் கதவச் சாத்திட்டன்னா ஒரு பொட்டுத் தூசி அண்டாது” என்றார்.

எனக்கு அன்றைக்கே அந்தப் பெட்டி பிடிக்கவில்லை. ஆனால் கொடுத்தவர் வீட்டு மருமகன். அவர் கொடுத்ததை ஓரம் கட்டினால், பிறந்த வீட்டில் நாத்தனாருக்கு மரியாதை இல்லை என்று பேச்சாகிவிடும். கணினியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

வைகாசியில் முகூர்த்தங்கள் வரிசையாக வந்தன. வெயில் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கியது. ஒருநாள் மத்தியானம் வீடியோ ஓடிக்கொண்டிருந்தபோது கணினி பொட்டென்று அணைந்தது. திரையில் ஓர் எச்சரிக்கையும் இல்லை. மறுபடி பொத்தானை அழுத்தினால் எழுந்திருக்கவில்லை. செத்த நேரம் கழித்து அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்தது. மறுநாளும் இதே கூத்து.

கேள்விப்பட்டு அண்ணன் வந்தார். கூடவே தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். வைரஸ் என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார்கள். அதில் வத்திராயிருப்புப் பெண் ஒருத்தியின் ஆல்பம், பாதிக்கு மேல் நான் முடித்து வைத்திருந்தது, போயே போய்விட்டது. இரண்டு நாளில் கணினி திரும்ப அணைந்தது. கணினிக்குள்ளே கரன்ட் கொடுக்கும் மின்சாரப் பெட்டி சரியில்லை என்று அதையும் மாற்றினார்கள். அப்போதும் அணைந்தது. அதற்குப் பிறகு ஒரு காதுகுத்து வீட்டில், சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டபடி அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

“ராத்திரி பகலா போட்டு உருட்டுனா மிஷினு எம்புட்டுத்தான் தாங்கும்? பொம்பளைக கைல குடுத்தா இப்பிடித்தான்.”

பந்தியில் சிரித்தார்கள். என் கணவரும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

அந்த வாரமே ஸ்டூடியோக்காரர் போன் செய்தார். “கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம்மா. ஒங்க அண்ணாச்சி வந்திருந்தாரு. மிஷினு அடிக்கடி படுத்துருதாம்ல. முகூர்த்த நேரத்துல வம்பாயிரும்.” என் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. உயிரோடு இருக்கும்போதே என் போட்டோவுக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. போனை வைத்தேன். அழவில்லை. அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன்.

வேலை இல்லாததால் நேரம் கிடைத்தது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வைரஸ் என்றால் அழித்துப் போட்டதோடு சரியாகியிருக்க வேண்டும். மின்சாரப் பெட்டி என்றால் மாற்றியதோடு சரியாகியிருக்க வேண்டும். அணைந்த கணினி ஆறிய பிறகுதான் எழுந்திருக்கிறது என்றால் காரணம் சூடு. கணினியின் உள்சூட்டைத் திரையின் ஓரத்தில் எண்ணாகக் காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டேன். சும்மா இருக்கும்போதே எழுபது டிகிரிக்கு மேல் காட்டியது. வீடியோவை ஓட விட்டதும் காற்றாடி மிக்சி மாதிரி இரைய, எண் தொண்ணூறைத் தாண்டிப் போய் அணைந்தது.

பக்கமூடியைக் கழற்றினேன். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடுகின்றன. பஞ்சுத் தூசி காற்றாடிக்கும் அதன் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே மெத்தையாகப் படிந்திருந்தது. தூசி அண்டாத பெட்டி என்று சொன்னாரே, அந்தப் பெட்டிக்குள்தான். கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்த தூசி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். பிராசஸருக்கும் தகட்டுக்கும் இடையில் போடும் பசை சாக்பீஸ் மாதிரி காய்ந்து உதிர்ந்தது. ராஜபாளையம் போய் ஒரு கடையில் புதுப் பசை கேட்டேன். “யாரு போடப் போறா?” என்றான் கடைக்காரன். “நாந்தான்” என்றேன். பழையதை நன்றாகத் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு வைத்துத் தகட்டை அழுத்தினேன். அதற்கு மேல் வைத்தால் வழியும், சூடும் இறங்காது.

சும்மா இருக்கும்போது எண் நாற்பதுக்கு வந்தது. சந்தோஷமாகத் தேக்குப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி வீடியோவை ஓட விட்டேன். எண் மறுபடி ஏறியது. கதவைத் திறந்தேன், இறங்கியது. சாத்தினேன், ஏறியது. முதுகுப் பலகையைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல். உள்ளேயிருந்து வெளியேறும் சூடான காற்றையே கணினி திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. குற்றவாளி கையில் அகப்பட்டுவிட்டான்.

கணினியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஸ்டூலில் வைத்தால் தீர்ந்தது. கணவரிடம் சொன்னேன். “வேண்டாம். அத்தான் மனசு சங்கடப்படும்” என்றார். நான் கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வந்தால் அவர் சாத்தி வைத்திருப்பார். சரி, பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அண்ணன் வர வேண்டியிருந்தது.

வந்தார். அவருக்கு அறுபதாம் கல்யாணம். பட்டாளத்துப் போட்டோவிலிருந்து பேரப்பிள்ளை போட்டோ வரை பாட்டோடு சேர்த்து மண்டபத்துத் திரையில் ஓட வேண்டுமாம்.

“நம்ம வீட்டு விசேஷம். நீயே செஞ்சு குடுத்துரு தங்கச்சி” என்றார், என் பிழைப்பைக் கெடுத்த அதே வாயால்.

“ஞாயித்துக்கிழம எல்லாரையும் கூட்டிட்டு வாங்கண்ணே. ஒக்காந்து பாத்து, புடிச்ச மாதிரி செஞ்சுக்கலாம்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் நாத்தனாரும் அவர்கள் மகனும் மருமகளும் வந்தார்கள். என் கணவர் நாற்காலிகளை எடுத்துப் போட்டார். எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். போட்டோக்களை அடுக்கி, பாட்டைக் கோத்து, கடைசியில் வீடியோவாக மாற்றும் பொத்தானை அழுத்தினேன். பெட்டிக் கதவை எல்லாரும் பார்க்கச் சாத்தினேன். திரையின் ஓரத்தில் எண்ணைப் பெரிதாக்கி வைத்தேன்.

“அது என்ன தங்கச்சி நம்பரு?”

“மிஷினோட காய்ச்சல்ண்ணே.”

எண் ஏறியது. காற்றாடி இரைந்தது. அவர் சீருடையில் விறைப்பாக நிற்கும் போட்டோவுக்கு வீடியோ வந்தபோது கணினி அணைந்தது. நாத்தனார் வாயில் கை வைத்தார்.

“அண்ணே, அந்த முதுகுப் பலகைல கைய வைங்க” என்றேன். வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். நான் கணினியைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, ஜன்னலைத் திறந்து, ஆறும்வரை எல்லாரையும் உட்கார வைத்தேன். மறுபடி ஓட விட்டேன். எண் அறுபதைத் தொட்டு அங்கேயே நின்றது. அவருடைய மொத்த வாழ்க்கையும் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது.

“வைரஸும் இல்ல, நான் ராத்திரி பகலா உருட்டுனதும் இல்ல. ஒங்க பெட்டிண்ணே. ஒங்க பெட்டிதான் மிஷினக் கொன்னுச்சு. அத நான் கெடுத்தேன்னு ஊர்பூராச் சொன்னீய. ஸ்டூடியோலயும் போய்ச் சொன்னீய. இப்ப எல்லாரும் இருக்கும்போதே போனப் போட்டு, சொன்னது தப்புன்னு சொல்லுங்க.”

மருமகள் முன்னால் அவர் முகம் கறுத்தது. எத்தனை நாளாக அந்த முகத்துக்காகக் காத்திருந்தேன். ஆசை தீரப் பார்த்தேன். “விடு, பெரியவுக” என்று என் கணவர் என் கையைப் பிடித்தார். உதறினேன். அண்ணன் வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“தம்பி, தங்கச்சி மிஷினுல கோளாறு ஒண்ணுமில்ல. நான் குடுத்த பெட்டிதான் சூடு. தங்கச்சிக்கு வேலையக் குடுங்க” என்றார்.

ஸ்டூடியோக்காரர் சிரித்தார். “என்னண்ணாச்சி, மிஷினு இல்லைன்னா இன்னொரு மிஷினு. அதுக்கா நான் நிறுத்துனேன்? ஒங்க மச்சினன்தான், வீட்ல நேரத்துக்குச் சோறு இல்ல, என் பேரச் சொல்லாம நிறுத்தச் சொல்லுங்க அத்தான்னு கேட்டாருன்னு நீங்கதான சொன்னீய. அவரு இப்பச் சரின்னுட்டாருன்னா நாளைக்கே டிஸ்க்க அனுப்பிருதேன்.”

அண்ணன் போனைப் பார்த்தபடி இருந்தார். நாத்தனார் தன் தம்பியைப் பார்த்தார். என் கணவர் காபி டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தார். இந்த வீட்டில் அவர் டம்ளர் எடுத்து நான் பார்த்ததே இல்லை.

மச்சினனுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாரே என்று அண்ணன் மேல் இரக்கம் வந்ததா என்றால், வரவில்லை. கேட்டதும் ஓடிப்போய்ச் சொன்ன வாய் அவருடையதுதானே. நான் போன் பக்கம் குனிந்தேன்.

“அண்ணாச்சி, நாந்தான் பேசுதேன். யாருகிட்டயும் கேக்க வேண்டாம். டிஸ்க்கையும் அனுப்ப வேண்டாம். நாளைக்குக் காலைல மிஷினத் தூக்கிட்டு நானே வாரேன். ஒங்க ஸ்டூடியோ மாடி ரூமு சும்மாத்தான கெடக்கு?”

மறுநாள் கணினியைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் போனேன். அந்த மாடி அறையில் எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள். எந்த முகூர்த்தத்திலும் எண் எழுபதைத் தாண்டியதில்லை. மாதம் ஒருமுறை தூசி தட்டுகிறேன். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

இப்போது ராத்திரிச் சோற்றை என் கணவர்தான் வடிக்கிறார். குழைந்துபோய்விடுகிறது. அதைத்தான் சாப்பிடுகிறேன். ரசத்தை ஊற்றிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். “நல்லாருக்கா?” என்று கேட்பார். நாளைக்கும் நேரமாகும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவேன்.